சாண எரிவாயுவில் ஓடும் பம்புசெட் இன்ஜின்: டைமிங் வைப்பது எப்படி?

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறிய பம்புசெட் இன்ஜின்களைச் சாண எரிவாயுவுக்கு மாற்றும் விவசாயிகள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். "கேஸில் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. சைலன்சர் பழுக்கக் காய்கிறது. தண்ணீர் பாதிதான் வருகிறது." கார்புரேட்டருக்கு முன்னால் கேஸ் குழாயை இணைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். பிளக்கில் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், பழைய எரிபொருளுக்கு வைத்தபடியே இருக்கும். கேஸ் மெதுவாக எரியும் பொருள். அதற்குப் பொறி சற்று முன்னதாகவே விழ வேண்டும்.

இது வெறும் இழுவைப் பிரச்சினை அல்ல. ஓரளவு நல்ல நிலையில் உள்ள இன்ஜின், குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்குச் சுமார் அரை கனமீட்டர் கேஸ் குடிக்கும். 3 குதிரைத்திறன் இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒன்றரை கனமீட்டர். ஒரு கிலோ பச்சைச் சாணத்தில் கிடைப்பது ஏறக்குறைய 40 லிட்டர் கேஸ்தான். ஆகவே அந்த ஒரு மணி நேரத்துக்கு 37, 38 கிலோ சாணம் போகிறது. நான்கைந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் சமையலுக்கு ஆகும் கேஸும் ஏறக்குறைய இதே அளவுதான். டைமிங் தவறாக இருக்கும் இன்ஜினில் சிலிண்டருக்குள் எரிய வேண்டியது சைலன்சரில் போய் எரிகிறது. அதாவது வீட்டு அடுப்புக்குப் போக வேண்டிய கேஸ் வெறும் சூடாகக் காற்றில் போகிறது.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2 கனமீட்டர் கலன் வைத்துக்கொண்டு சமையலும் செய்து இன்ஜினும் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குறைந்தது 4 முதல் 6 கனமீட்டர் கலன், அதற்கு ஏற்ற மாடுகள் இருந்தால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள்.

கேஸுக்கு ஏன் பொறி முன்னதாக வேண்டும்?

நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் பிளைவீல் ஒரு சுற்றை ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் முடித்துவிடும். பிளக்கில் பொறி விழுந்ததும் சிலிண்டரில் உள்ள கலவை வெடிமருந்து போல ஒரே நொடியில் எரிந்துவிடுவதில்லை. காய்ந்த சருகில் தீ பரவுவது போலப் பிளக்கின் முனையிலிருந்து நாலாபக்கமும் பரவ வேண்டும். அதற்கு நேரம் ஆகும். பிஸ்டன் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டி 10 முதல் 15 டிகிரி கீழே இறங்கும் இடத்தில் அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு உந்துதல் கிடைக்கும். இதற்காகத்தான் பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே பொறி விழும்படி கம்பெனியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் இது பொதுவாக உச்சிக்கு முன் 20 முதல் 25 டிகிரி வரை இருக்கும். உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும். அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாண எரிவாயுவில் எரியக்கூடிய மீத்தேன் 55 முதல் 65 சதவீதம்தான். மீதி பெரும்பகுதி கரியமில வாயு. எரியாத இந்த வாயு தீயின் வேகத்தைக் குறைக்கிறது. ஈர விறகு மெதுவாக எரிவது போல. பொறி பழைய நேரத்திலேயே விழுந்தால், தீ முழுவதும் பரவுவதற்குள் பிஸ்டன் பாதி தூரம் இறங்கிவிடும். பிறகு எரிவதால் பிஸ்டனுக்குப் பயனில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் தீ எரிந்துகொண்டிருக்கும். வால்வு கருகும், அதன் இருக்கை தேயும், சைலன்சர் சிவக்கும்.

எனவே பெட்ரோலுக்கு உள்ள அளவிலிருந்து 5 முதல் 10 டிகிரி வரை முன்னே கொண்டுவர வேண்டியிருக்கும். கம்பெனி அளவு 20 டிகிரி என்றால் கேஸுக்கு 25-லிருந்து 30-க்குள் எங்கோ ஓரிடத்தில் சரியான புள்ளி அமையும். மண்ணெண்ணெய் இன்ஜினில் இந்த இடைவெளி இன்னும் கூடலாம். மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் எரிபொருள் என்பதால் அந்த இன்ஜின்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்து, டைமிங்கையும் பின்தள்ளி வைத்திருப்பார்கள். மீத்தேன் அப்படியல்ல, தட்டுவதை நன்றாகத் தாங்கும். முன்னே கொண்டுவர இடம் இருப்பது இதனால்தான்.

கேஸில் மீத்தேன் கூடக்கூட இந்தத் தேவை குறையும். கேஸைத் தண்ணீரில் கழுவிக் கரியமில வாயுவைக் குறைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு 3, 4 டிகிரியே போதுமானதாக இருக்கலாம். வேகத்தையும் பார்க்க வேண்டும். 3,000 சுற்றில் ஓடும் இன்ஜினைவிட 2,200 சுற்றில் நிதானமாக ஓட்டும் இன்ஜினில் தீ பரவ அதிக நேரம் கிடைக்கிறது. அதற்கும் குறைவாகவே முன்னே தள்ளினால் போதும்.

டைமிங்கைத் தொடும் முன்

பல மெக்கானிக்குகள் நேராக டைமிங்கில் கை வைக்கிறார்கள். அது சரியான வரிசை அல்ல. கேஸும் காற்றும் சேரும் அளவு சரியாக இல்லாவிட்டால் எந்த டைமிங் வைத்தாலும் ஏமாற்றும். காற்று அதிகமானாலும் கலவை மெதுவாகத்தான் எரியும். அப்போது "இன்னும் முன்னே தள்ளு" என்று தோன்றும். கடைசியில் கலவையைச் சரிசெய்ததும் பொறி அளவுக்கு மீறி முன்னே வந்து நிற்கும்.

60 சதவீத மீத்தேன் உள்ள கேஸ் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 5.7 பங்கு வேண்டும். ஏர் கிளீனருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு டி குழாய், கேஸ் வரும் பக்கம் நன்றாகத் திறந்து மூடும் ஒரு வால்வு, இவ்வளவு போதும். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணம் காலியான பிறகு, சுமையோடு ஓட்டிக்கொண்டே கேஸ் வால்வை மெல்லத் திறந்து பாருங்கள். வேகம் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். உச்சத்தில் இருந்த இடத்தைப் பெயிண்டால் குறித்துவையுங்கள்.

கலனில் அழுத்தம் நாள் முழுவதும் மாறாமல் இருக்காது. மிதக்கும் டிரம் உள்ள கலனில் அழுத்தம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். தீனபந்து போன்ற நிலையான கூரை உள்ள கலனில் காலையில் ஒரு அழுத்தம், கேஸ் தீரும் நேரத்தில் வேறு அழுத்தம். அத்தகைய கலன் உள்ளவர்கள் ஒரே நேரத்தில், கேஸ் ஒரே அளவில் இருக்கும்போது எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நேற்றைய கணக்கும் இன்றைய கணக்கும் ஒத்துவராது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், முனை தேய்ந்திருந்தால் புதியது போடுங்கள். கேஸ் கலவையில் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் மின் அழுத்தம் தேவைப்படும். எனவே 0.7 மி.மீ. இடைவெளி இருந்தால் 0.5 மி.மீ. அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம். குழாயில் தேங்கும் நீரை வடித்துவிடுங்கள். வால்வு இடைவெளியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் சரியாகியும் இழுவை வரவில்லை என்றால்தான் டைமிங்குக்குப் போக வேண்டும்.

உச்சியைக் குறிப்பது

கம்பெனிக் குறி பிளைவீலில் இருந்தால் வேலை எளிது. பழைய இன்ஜின்களில் குறி தேய்ந்துபோயிருக்கும், அல்லது பிளைவீலையே மாற்றியிருப்பார்கள். அப்போது உச்சியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றித் தூரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, பிளக்கை எடுத்துவிடுங்கள். முனை மழுங்கிய ஒரு கம்பியை, உள்ளே விழுந்துவிடாதபடி மேல்முனையை வளைத்து, பிளக் துளை வழியாகப் பிஸ்டன் மேல் நிற்கும்படி விடுங்கள். பிளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றினால் கம்பி ஏறி இறங்குவது தெரியும்.

கம்பி மிக உயரத்தில் நிற்கும் இடம்தான் உச்சி என்று கண்ணால் பார்த்துக் குறிப்பது சரிவராது. உச்சிக்கு அருகே பிளைவீல் பத்து டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவது கண்ணுக்குத் தெரியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. உச்சிக்குச் சுமார் 5 மி.மீ. கீழே பிஸ்டன் ஏறிவரும்போது, கம்பியில் பிளக் துளையின் விளிம்புக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். அதே நேரத்தில், இன்ஜின் உடலில் உள்ள நிலையான குறிக்கு நேராகப் பிளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு உச்சியைத் தாண்டி, பிஸ்டன் இறங்கும்போது கம்பியில் உள்ள அதே கோடு மறுபடியும் விளிம்புக்கு வரும் இடத்தில் பிளைவீலில் இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரியான நடுவில்தான் உச்சி. அந்த இடத்தில் அரத்தால் அழியாத குறியாகப் போட்டுவிடுங்கள். பிளக் துளை சாய்வாக இருக்கும் இன்ஜினில் கம்பி மாட்டிக்கொள்ளும். அதில் இந்த முறையை முயலாமல், டயல் கேஜ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

அடுத்து டிகிரியை மில்லிமீட்டராக மாற்ற வேண்டும். தையல் டேப்பால் பிளைவீலின் சுற்றளவை அளந்து 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். 180 மி.மீ. விட்டமுள்ள பிளைவீலில் சுற்றளவு 565 மி.மீ. ஒரு டிகிரிக்கு 1.57 மி.மீ. ஆகவே 20 டிகிரிக் கோடு உச்சிக் குறியிலிருந்து 31 மி.மீ. தள்ளியும், 28 டிகிரிக் கோடு 44 மி.மீ. தள்ளியும் வரும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில்தான் பலரும் குழம்புவார்கள். பிளைவீல் எந்தத் திசையில் சுற்றுகிறதோ அந்தத் திசையில், உச்சிக் குறிக்கு முன்னால் கோடு வர வேண்டும். சுற்றும்போது பொறிக் கோடு முதலில் நிலையான குறியைக் கடக்கும், உச்சிக் கோடு பின்னால் வரும். இதை மாற்றிப் போட்டால் முன்னே தள்ளுவதாக நினைத்துப் பின்னே தள்ளிவிடுவீர்கள். 20, 24, 28, 32 டிகிரிகளுக்கு வெவ்வேறு நிறத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் பின்னால் வேலை சுலபம்.

பொறியை முன்னே கொண்டுவருவது

உங்கள் இன்ஜினில் பாயிண்ட் உள்ளதா, பாயிண்ட் இல்லாத மின்னணுக் காயில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

பாயிண்ட் உள்ள பழைய இன்ஜின்களில் பிளைவீலுக்கு அடியில் ஒரு வட்டத் தட்டில் காயில், கண்டன்சர், பாயிண்ட் மூன்றும் இருக்கும். பாயிண்ட் திறக்கும் நொடியில்தான் பிளக்கில் பொறி விழும். சில இன்ஜின்களில் அந்தத் தட்டைப் பிடித்திருக்கும் ஸ்குருக்களின் துளைகள் நீளவாட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும். ஸ்குருவைத் தளர்த்தி, பிளைவீல் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் தட்டைத் திருப்பினால் பொறி முன்னதாக விழும். இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. ஏனென்றால் காயிலும் பாயிண்ட்டும் சேர்ந்தே நகர்கின்றன. காந்தம் காயிலைக் கடந்து மின்சாரம் உச்சத்தில் இருக்கும்போதே பாயிண்ட் திறக்கிறது. பொறியின் பலம் குறையாது.

தட்டு நகராத வகையில் இருந்தால் பாயிண்ட் இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் 0.3 முதல் 0.4 மி.மீ. என்பது கம்பெனி அளவு. 0.3-ல் இருப்பதை 0.4-க்குக் கொண்டுபோனால் பாயிண்ட் சற்று முன்னதாகத் திறக்கும். சில டிகிரி கிடைக்கும், அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று 0.6 வரை கொண்டுபோகிறவர்கள் உண்டு. அப்போது காந்தம் சரியான இடத்துக்கு வரும் முன்பே பாயிண்ட் திறந்துவிடும். பொறி மஞ்சளாக, நூல் போல மெலிந்து வரும். ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்மதிப்பில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

பாயிண்ட் எப்போது திறக்கிறது என்று பார்க்க, சிகரெட் பெட்டியில் வரும் மெல்லிய தாளைப் பாயிண்ட் நடுவே வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே பிளைவீலைத் திருப்புங்கள். தாள் பிடி விட்டு நழுவும் இடம்தான் பொறி விழும் இடம். மல்டிமீட்டரில் பார்க்கிறவர்கள் காயிலிலிருந்து பாயிண்ட்டுக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதைக் கழற்றாவிட்டால் பாயிண்ட் திறந்திருந்தாலும் காயில் வழியாக மின்சாரம் சுற்றி மீட்டர் கத்திக்கொண்டே இருக்கும்.

பிளைவீலுக்கு வெளியே காயில் பொருத்தப்பட்ட புதிய இன்ஜின்களில் பாயிண்ட்டே கிடையாது. காந்தம் காயிலைக் கடக்கும் நேரத்தைப் பொறுத்தே பொறி விழும். இங்கே இரண்டு வழிகள்தான். ஒன்று, காயிலைப் பிடிக்கும் ஸ்குரு துளைகளை நீளமாக்கி, பிளைவீல் சுற்றும் திசைக்கு எதிரே காயிலை நகர்த்துவது. இதற்கு இடம் கொஞ்சம்தான் இருக்கும். நகர்த்திய பின் காயிலுக்கும் பிளைவீலுக்கும் உள்ள இடைவெளி பழையபடி இருக்க வேண்டும்.

இன்னொன்று, பிளைவீலுக்கும் கிராங்க் தண்டுக்கும் நடுவே உள்ள அரைவட்டக் கீயை ஒரு படி தள்ளியதாகக் கடைந்து போடுவது. பிளைவீல் சுற்றும் திசையில் சற்று முன்னே நிற்கும்படி இந்தக் கீ அமைய வேண்டும். 20 மி.மீ. தண்டில் 5 டிகிரி என்பது வெறும் 0.87 மி.மீ. தள்ளல். கையில் அரத்தை வைத்துக்கொண்டு ராவும் வேலை அல்ல இது. லேத் பட்டறையில் அளந்து செய்ய வேண்டும். கீயைப் பாதியாக ராவிப் போடுவது, கீயே இல்லாமல் நட்டை மட்டும் இறுக்கி ஓட்டுவது இரண்டும் ஆபத்து. ஓட்டத்தில் பிளைவீல் நழுவினால் டைமிங் தாறுமாறாகும், தண்டின் கூம்பும் கெடும். பிளைவீலைக் கழற்றப் புல்லர் பயன்படுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் காந்தம் விரியும்.

பாயிண்ட் இல்லாத இன்ஜினில் தாள் முறை உதவாது. டைமிங் லைட் வைத்துள்ள மெக்கானிக்கை ஒருமுறை அழைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. பிளக் வயரில் கவ்வியை மாட்டி, ஓடும் பிளைவீல் மேல் வெளிச்சம் அடித்தால் நீங்கள் போட்ட நிறக்கோடு அசையாமல் நிற்பது போலத் தெரியும். எந்தக் கோடு நிலையான குறிக்கு நேராக நிற்கிறதோ அதுதான் இப்போதைய டைமிங்.

எத்தனை டிகிரி என்பதைத் தண்ணீரிடமே கேளுங்கள்

மேலே சொன்ன 5 முதல் 10 டிகிரி என்பது தொடங்கும் இடம். உங்கள் மாட்டுச் சாணத்து கேஸுக்கும் உங்கள் இன்ஜினுக்கும் ஏற்ற அளவை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதற்கு 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் கைபேசியில் உள்ள நொடிக் கடிகாரமும் போதும்.

இன்ஜினைப் பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு, திராட்டில் முழுவதும் திறந்த நிலையில் பீப்பாய் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி அளவிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினை நிறுத்தி, பொறியை 3, 4 டிகிரி முன்னே தள்ளி, மறுபடி பாருங்கள். கணக்கு எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 20 டிகிரியில் 52 நொடி, 24-ல் 47, 28-ல் 44, 32-லும் 44, 36-ல் 46 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 28, 32 இரண்டிலும் ஒரே பலன். இதில் 28-ஐத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே தண்ணீரைத் தரும் இரண்டு அளவுகளில் குறைவாக முன்னே தள்ளியது எதுவோ அதுவே இன்ஜினுக்கும் கயிறு இழுக்கும் கைக்கும் நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். கவர்னர் உள்ள இன்ஜினில் சுமை குறைவாக இருந்தால் எந்த டைமிங்கிலும் ஒரே வேகம்தான் காட்டும். இழுவை குறைந்ததும் கவர்னர் திராட்டிலைத் தானாகத் திறந்து ஈடுகட்டிவிடும். இழப்பு தண்ணீரில் தெரியாது, கேஸில்தான் தெரியும். அப்போது கேஸ் செலவை அளக்க வேண்டும். மிதக்கும் டிரம் உள்ளவர்களுக்கு இது எளிது. டிரம்மின் விட்டம் 1.25 மீட்டர் என்றால் 10 செ.மீ. இறங்கினால் செலவு 0.12 கனமீட்டர். பத்துப் பீப்பாய்த் தண்ணீருக்கு டிரம் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று ஒவ்வோர் அளவிலும் பாருங்கள்.

டைமிங் அமைந்ததும் கேஸ் வால்வை இன்னொரு முறை சரிபாருங்கள். பெரும்பாலும் முன்பு குறித்த இடத்தைவிடச் சற்று மூடினாலே போதும் என்று வரும்.

இன்ஜினும் சொல்லும். பொறி பிந்தி விழுந்தால் சைலன்சர் சிவந்து காயும், சில நேரம் அதற்குள் வெடிக்கும், ஓட்டம் மந்தமாக இருக்கும். பொறி அளவுக்கு மீறி முந்திவிட்டால் சைலன்சர் அவ்வளவு காயாது, சிலிண்டர் தலைதான் காயும். சுமை ஏறும்போது உலோகத்தில் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் கேட்கும். ஸ்டார்ட் செய்யும்போது கயிறு கையைப் பிடுங்கி இழுக்கும். இந்தக் கடைசி அறிகுறியை அலட்சியம் செய்யாதீர்கள். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குள் வெடித்து இன்ஜின் எதிர்த்திசையில் உதைப்பதால் வருவது அது. மணிக்கட்டு முறிய அந்த ஓர் உதை போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

கேஸுக்கு வைத்த பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டலாமா?

கூடாது. கேஸ் தீர்ந்துவிட்டது, இன்னும் அரை ஏக்கர் பாக்கி என்று மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதில்தான் இன்ஜின்கள் வீணாகின்றன. முன்னே தள்ளிய டைமிங்கில் மண்ணெண்ணெய் கடுமையாகத் தட்டும். பிஸ்டன் தலை அரிக்கும், கனெக்டிங் ராடும் பேரிங்கும் அடி வாங்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சுமையில்லாமல் ஓரிரு நிமிடம் சூடேற்றி, உடனே கேஸுக்கு மாற்றுவது பரவாயில்லை. அப்படி ஓட்டுகிறவர்கள் தண்ணீர்ச் சோதனையில் கிடைத்த அளவிலிருந்து இரண்டு, மூன்று டிகிரி பின்னால் வைத்துக்கொண்டால் ஸ்டார்ட் செய்வதும் எளிது, இழப்பும் பெரிதாக இராது. இரண்டு எரிபொருளிலும் மாறி மாறி நாள்முழுக்க ஓட்டியே ஆக வேண்டும் என்கிறவர்கள் நகரும் தட்டு உள்ள இன்ஜினை வைத்துக்கொண்டு, இரண்டு நிலைகளையும் குறித்து, ஒவ்வொரு முறையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு நன்றாக டைமிங் வைத்தாலும் பெட்ரோலில் கிடைத்த முழு இழுவை கேஸில் வராது. சிலிண்டருக்குள் போகும் கலவையில் ஒரு பகுதியைக் கரியமில வாயு அடைத்துக்கொள்கிறது. கால் பங்கு வரை குறையும் என்று எதிர்பார்த்து, அதற்கேற்ற பம்பைப் பொருத்துங்கள். "முழு இழுவையையும் கொண்டுவந்து தருகிறேன்" என்று சொல்கிறவரிடம் பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள்.

டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன வேலை பொருந்தாது. அதில் பிளக் கிடையாது. கேஸைக் காற்றோடு கலந்து விட்டு, கொஞ்சம் டீசலையும் பீச்சித்தான் பற்றவைக்க வேண்டும். அங்கே டைமிங் என்பது டீசல் பீச்சும் நேரம், அது பம்பு மெக்கானிக்கின் வேலை. அதேபோல, பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக டைமிங்கை மாற்றும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். எத்தனால் மெதுவாக எரியும் பொருள் அல்ல. அதில் பார்க்க வேண்டியவை கார்புரேட்டர் ஜெட்டும் ரப்பர் குழாய்களும்தான். வீட்டுச் சமையல் சிலிண்டரை இன்ஜினில் மாட்டுவது சட்டப்படி குற்றம், அதற்கான டைமிங் விவரம் இங்கே இல்லை.

கேஸ் குழாயும் காற்றோட்டமும்

டைமிங் சோதனையின்போது இன்ஜின் கார்புரேட்டர் வழியாகப் பின்வெடி வெடிப்பது சகஜம். அந்தத் தீ கேஸ் குழாய் வழியாகக் கலனை நோக்கிப் போகாமல் இருக்க, குழாயில் தீத்தடுப்பான் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கேஸ் தண்ணீருக்குள் குமிழியாக வந்து வெளியேறும்படி ஒரு நீர்த்தொட்டி வைத்தாலும் பயன் தரும். அதில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். இன்ஜினை நிறுத்தும்போது முதலில் கேஸ் வால்வை மூடி, குழாயில் உள்ளது எரிந்து தானாக நிற்கும்படி விடுங்கள்.

சாண எரிவாயுவில் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் இருக்கும். அது பாயிண்ட்டையும் பித்தளைப் புஷ்களையும் அரிக்கும். பாயிண்ட் முனை கருத்துத் தேயும்போது இடைவெளி மாறும், அதோடு நீங்கள் பாடுபட்டு வைத்த டைமிங்கும் மாறும். துருப்பிடித்த இரும்புச் சுருளை ஒரு பிளாஸ்டிக் குழாயில் நிரப்பி, கேஸ் அதன் வழியாக வரும்படி செய்தால் பெருமளவு தடுக்கலாம். சுருள் கருத்ததும் எடுத்து வெயிலில், காற்றுப்படப் பரப்பி வைத்தால் மறுபடி பயன்படும். அப்போது சுருள் தானாகச் சூடேறும் என்பதால் வைக்கோல் போரின் அருகே கொட்டாதீர்கள். இன்ஜின் ஆயிலைக் கையேட்டில் சொன்ன மணிநேரத்தில் பாதிக்கே மாற்றிவிடுங்கள். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பாயிண்ட் இடைவெளியையும் தாள் வைத்து டைமிங்கையும் பார்த்துவிடுங்கள்.

இன்ஜினைக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கி வைத்து ஓட்டுகிறவர்கள் கேஸுக்கு மாறிய பிறகும் அதைச் செய்யாதீர்கள். கேஸ் புகை கண்ணுக்குத் தெரியாது, எரிச்சலும் தராது. அதனால் ஆபத்து இல்லை என்று தோன்றும். கலவை கொஞ்சம் கூடுதலாகிவிட்டால் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், மூக்குக்குத் தெரியாது, கிணற்றின் அடியில் தங்கிவிடும். நின்றுபோன இன்ஜினைப் பார்க்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து மயங்கி விழும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. இன்ஜின் மேலேயே இருக்கட்டும். உறிஞ்சும் குழாய்க்கு ஆழம் எட்டவில்லை என்றால் கேஸில் ஓடும் சிறிய இன்ஜின் அந்தக் கிணற்றுக்கு ஏற்றதல்ல. அந்த கேஸை அடுப்புக்கே விட்டுவிடலாம்.